புவியொளி

புவியொளி என்பது பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி, நிலவின் இருண்ட பகுதியை மங்கலாக ஒளிரச் செய்யும் நிகழ்வு. அமாவாசைக்கு முன்னும் பின்னும் சில நாட்கள், மெல்லிய பிறையோடு நிலவின் எஞ்சிய வட்டமும் சாம்பல் நிறத்தில் தெரிவது இதனால்தான். மூன்றாம் பிறையன்று மாலையில், மேற்கு வானில் இதை வெறுங்கண்ணாலேயே காணலாம். இருகண்ணோக்கியில் நிலவின் கருந்திட்டுகளும் புலப்படும்.

அந்நாட்களில் நிலவிலிருந்து பார்த்தால் பூமி ஏறக்குறைய முழு வட்டமாகத் தெரியும். பூமியின் விட்டம் நிலவின் விட்டத்தைப்போல் சுமார் 3.7 மடங்கு. தன்மேல் விழும் ஒளியில் பூமி ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது; நிலவு 12 விழுக்காட்டையே அனுப்புகிறது. பிறை வளர வளர, நிலவை நோக்கிய பூமியின் ஒளிர்பகுதி சுருங்கிப் புவியொளி மங்கும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியொனார்டோ டா வின்சி இதன் காரணத்தை விளக்கினார். ஒளியைத் திருப்புவது கடல்நீர் என அவர் கருதினார். உண்மையில் மேகங்களின் பங்கே பெரிது. 1920களில் பிரெஞ்சு வானியலாளர் ஆந்திரே டான்ஜோன், புவியொளியை அளந்து பூமியின் எதிரொளிப்புத் திறனை மதிப்பிட்டார். கலிபோர்னியாவின் பிக் பேர் சூரிய ஆய்வகம் 1998 முதல் 2017 வரை எடுத்த அளவீடுகள், அத்திறன் சற்றே குறைந்திருப்பதைக் காட்டின.