தண்ணீர் போட்டுக் கொடுத்த பாதை

மதுரையைத் தட்டையான ஊர் என்று சொல்பவர் அங்கே சைக்கிள் மிதித்தவராக இருக்க முடியாது. ஆனையூரில் எங்கப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மொத்தம் பன்னிரண்டு வண்டி. அதில் இரண்டு, பையன்களுக்கான அரை வண்டி. மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். எடுத்த நேரம், விட்ட நேரம், ஆள் பெயர், அந்த ஆளுக்குப் பொறுப்புச் சொன்னவர் பெயர் எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறும். 1960களின் கடைசியில் மணிக்கு 15 காசு. பள்ளிக்கூடம் விட்டதும் அந்த நோட்டை எழுதியது நான்தான்.

நோட்டு ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. வைகையைத் தாண்டி டவுனுக்குப் போகிறவர் சீக்கிரம் போய்விடுவார், திரும்பத்தான் நேரமாகும். "என்னண்ணே, அரை மணி கூட ஆகிருச்சே" என்று கேட்டால் ஆடிக்காற்றைத் திட்டுவார். காற்று ஒரு காரணம்தான். மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று ஊர் திரும்புகிறவன் முகத்தில்தான் அடிக்கும். இன்னொரு காரணம் தரை. ஆனையூரிலிருந்து ஆற்றை நோக்கி நிலம் மெல்லச் சரிகிறது. அலங்காநல்லூர்ப் பக்கம் மெல்ல ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவு தொடைக்குத் தெரியும். கண்மாய் வெட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது. மேல் கண்மாய் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாயை நிரப்பும்படி சங்கிலியாக அவர்கள் வெட்டிவைத்த வரிசையில்தான் எங்கள் சைக்கிள் பாதைகளும் போயின. கண்மாய்க்கரை என்பது எங்களுக்கு ரோடு.

ஆனையூர் என்றதும் உசிலம்பட்டிப் பக்கத்து ஆனையூரை நினைப்பவர்கள் உண்டு. ஐராவதேசுவரர் கோயில் இருக்கும் ஊர் அது. ஒருமுறை எங்கள் தெருக் கல்யாணத்துக்கு வரவேண்டிய ஒரு மாமா விசாரித்து விசாரித்து அங்கே மிதித்துப் போய்விட்டார். தாலி கட்டி மூன்று மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தவருக்கு இலை போட்டபோது, பசி அடங்கும்வரை யாரிடமும் பேசவில்லை.

சைக்கிள் எங்கள் பக்கம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தது 1888. மதுரையில் வைகைக்குக் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம் திறந்தது அடுத்த வருடம், 1889. டயருக்கும் பாலத்துக்கும் உறவில்லை என்றாலும், வடகரைக்காரனுக்கு இரண்டும் சேர்ந்தால்தான் டவுன். ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் சீமையிலிருந்து கப்பலேறி வந்த காலத்தில் சைக்கிள் வைத்திருந்தவர் பெரிய மனிதர். 1949-இல் முருகப்பா குழுமம் ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஹெர்குலிஸ் நம் ஊர் வண்டியாயிற்று. அப்பாவின் பன்னிரண்டில் ஒன்பது ஹெர்குலிஸ்.

அப்போது சைக்கிளுக்கு வரி உண்டு. கட்டியதற்கு அடையாளமாகப் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ ஒரு தகட்டு வில்லை தருவார்கள்; வருடா வருடம் அது மாறும். இரவில் விளக்கில்லாமல் போனால் குற்றம், டபுள்ஸ் போனால் குற்றம். நானும் என் சிநேகிதனும் பாலத்தடியில் டபுள்ஸ் மாட்டியபோது காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கேஸெல்லாம் போடவில்லை. இரண்டு சக்கரத்திலும் வால் டியூபைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "உருட்டிட்டுப் போங்கடா" என்றார். ஆனையூர் வரை உருட்டினோம். வால் டியூபுக்கு அப்பா என் கையில்தான் காசு கேட்டார்.

விடிகாலையில் சாலை வேறு மாதிரி இருக்கும். சோழவந்தானிலிருந்து கேரியரில் வெற்றிலைக் கட்டு, அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து கத்தரிக்காய் மூட்டை, ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பால்கேன் என்று எல்லாமே டவுனை நோக்கி இறங்கி வரும். சுமையோடு வரும்போது சரிவு கைகொடுக்கும். வெறும் வண்டியோடு திரும்பும்போது ஏற்றமும் எதிர்க்காற்றும். நிலம் இதைவிட நியாயமாக நடந்துகொள்ள முடியாது என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சுமந்த கேரியர்களை அந்தச் சமயத்தில் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சுற்றில் ஆகச் சிறந்த சைக்கிள் பாதை ரோடே இல்லை. பென்னிகுக் கட்டிய பெரியாறு அணை 1895-இல் முடிந்து, மேற்கே பாய்ந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்குத் திரும்பியது. பேரணையில் அதை மறித்துப் பெரியாறு பிரதானக் கால்வாயில் விட்டார்கள். வைகைக்கு வடக்கே கள்ளந்திரி வழியாக மேலூர்ச் சீமைக்குப் போகிறது அந்தக் கால்வாய். தண்ணீர் அரிக்காமலும் தேங்காமலும் போக வேண்டுமே. அதனால் மண்ணின் மட்டத்தை அளந்து, மேட்டைச் சுற்றி வளைந்து, மிக மெல்லிய சரிவில் வெட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்குப் பார்த்த சரிவு சைக்கிளுக்கும் பொருந்திவிட்டது. கள்ளந்திரிக்குக் குளிக்கப் போகும் பையன்கள் கரையில் கையை விட்டு ஓட்டுவார்கள். நானும் ஓட்டினேன், ஒருமுறை வண்டியோடு தண்ணீருக்குள்ளும் போனேன்.

மலைகளுக்குக் குறைவில்லை. யானைமலை, நாகமலை, சமணமலை எல்லாம் வயலுக்கு நடுவே திடீரென்று எழுந்து நிற்கும் பாறைகள். ரோடு அவற்றைச் சுற்றிப் போகுமே தவிர ஏறாது. ஒத்தக்கடையில் யானைமலையைச் சுற்றி நரசிங்கத்துக்குப் போனால், பாண்டியரின் அமைச்சர் மாறன்காரி 770-இல் குடைவித்த கோயிலின் நிழலில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்காரலாம். ஏற வேண்டுமென்று ஆசைப்பட்டவன் அழகர்மலைக்குப் போவான். மதுரையிலிருந்து 21 கி.மீ. கோயில்வரை மிதித்துவிடலாம், அதற்கு மேல் சோலைமலை ரோட்டில் ஒரே கியர் ஹெர்குலிஸ் சண்டித்தனம் பண்ணும். உருட்டிக்கொண்டு ஏறி, நூபுர கங்கையில் தலையை நனைத்துக்கொண்டு இறங்குவோம். இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்து நாற்றமடிக்கும். திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு என்று கேள்விப்பட்டிருந்தோம். "அங்கே போனால் வண்டியை வாடகைக்கு இல்லை, விலைக்கே எடுத்துக்கோங்க" என்பார் அப்பா.

கடையை வாழவைத்தது வாடகை மட்டுமல்ல, முள். கண்மாய்க்கரை நெடுக கருவேல முள். கூடவே மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணி. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவிட்டு ஒட்டுப் போடுவார். காயும் முன்னே ஒட்டினால் நிற்காது. கோட்டம் எடுப்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. சக்கரத்தைச் சுழலவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்.

வருடத்துக்கு ஒருமுறை பொட்டலில் விடாமல் சைக்கிள் ஓட்டுகிறவர் வருவார். ஏழு நாள் இறங்கமாட்டார். குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் வண்டியிலேயே. ராத்திரி ரெக்கார்டு டான்ஸ், மார்பில் டியூப்லைட் உடைத்தல். ஒரு வருடம் அவர் வண்டிக்கு ஓவராயில் செய்து கொடுத்தது அப்பா. கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

பெண்கள் மிதித்தது பிந்தித்தான். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் 1990களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு சைக்கிள் பழக்கியது. ஆனையூரில் அந்த மாற்றத்தை நான் பார்த்தது அரசு தந்த இலவச சைக்கிளில். 2005 வாக்கில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தது. ஆனால் அதற்குள் அப்பாவின் தொழில் முடிந்திருந்தது. 1980-இல் டிவிஎஸ் 50 வந்தது. கேன்களைச் சுமந்துகொண்டு மேல்காற்றை எதிர்த்துப் போகும் வண்டி கிடைத்த பிறகு பால்காரர் ஏன் மிதிக்கப் போகிறார்? கடைசி நோட்டு 1987-இல் பாதியில் நிற்கிறது.

2011-இல் ஆனையூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. நத்தம் சாலையில் 7.3 கி.மீ. நீளப் பறக்கும் பாலம் 2023-இல் திறந்தது. கண்ணுக்குத் தெரியும் ஏற்றம் ஒன்று ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. ஞாயிறு காலையில் ஹெல்மெட் போட்ட பிள்ளைகள் கியர் வண்டியில் அழகர்கோவில் ரோட்டில் போகிறார்கள். அவர்களிடம் சொல்ல ஒன்றிருக்கிறது. கள்ளந்திரியில் திரும்பி, கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதத்தில் கரையோடு கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள், தம்பி. ஒட்டுப் போடும் சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். முள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.