மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் என்பது இந்தியத் தேர்தல்களில் வாக்குச்சீட்டுக்கும் வாக்குப்பெட்டிக்கும் மாற்றாகப் பயன்படும் மின்னணுக் கருவி ஆகும். பெங்களூரில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஐதராபாத்தில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேசன் ஆகிய இரு பொதுத்துறை நிறுவனங்கள் இதனை இந்தியத் தேர்தல் ஆணையத்திற்குத் தயாரித்து அளிக்கின்றன. 2004 நாடாளுமன்றத் தேர்தல் முழுவதும் இவ்வியந்திரத்தின் மூலமே நடைபெற்றது. இதன் நம்பகத்தன்மை பற்றிய விவாதம் முதல் தேர்தலிலேயே தொடங்கி நீதிமன்றம் வரை சென்றது.

திருவரங்கத் தொடர்பு

எழுத்தாளர் சுஜாதா என்று அறியப்பட்ட எஸ். ரங்கராஜன் (1935 – 2008) தம் இளமையைத் திருவரங்கத்தில் (ஸ்ரீரங்கம்) பாட்டியின் வீட்டில் கழித்தவர். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய பின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த அவர், அங்கு இவ்வியந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர்களுள் முக்கியமானவர். இப்பணிக்காக வாஸ்விக் விருது பெற்றார்.

"வாக்கு இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் சுஜாதா" என்று தமிழ் வாசகர்களிடையே நிலவும் கூற்று மிகையானது. 1979 இல் ஐதராபாத் நிறுவனம் ஒரு மாதிரியை உருவாக்கியது. 1980 ஆகத்து மாதம் தேர்தல் ஆணையம் அதனை அரசியல் கட்சிகளுக்குச் செய்து காட்டியது. பெங்களூர் நிறுவனமும் தன் தொழிற்சங்கத் தேர்தலுக்கென ஒரு வாக்குக் கருவியை ஏற்கெனவே செய்திருந்தது. ஆகவே இது ஒருவருடைய கண்டுபிடிப்பு அன்று. இரு நிறுவனங்களின் கூட்டுழைப்பு.

அமைப்பு

வாக்குச்சாவடி அலுவலரிடம் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும், மறைவிடத்தில் வைக்கப்படும் வாக்களிப்புக் கருவியும் ஐந்து மீட்டர் நீளமுள்ள வடத்தால் இணைக்கப்பட்டுள்ளன. மின்கலத்தால் இயங்குவதால் மின்சாரம் இல்லாத சிற்றூரிலும் இயங்கும். ஒரு வாக்களிப்புக் கருவியில் 16 வேட்பாளர்களுக்கு இடம் உண்டு. இரண்டாம் வகை இயந்திரத்தில் நான்கு கருவிகளை இணைத்து 64 பேர் வரையிலும், மூன்றாம் வகையில் 24 கருவிகளை இணைத்து 384 பேர் வரையிலும் சேர்க்கலாம். தமிழக வாசகருக்கு இவ்வரம்பு வேடிக்கையாகத் தோன்றக்கூடும்: 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் போட்டியிட்டனர், அங்கு வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று.

ஒரு வாக்கு பதிவானதும் அலுவலர் மீண்டும் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வாக்கைப் பதியலாம். சாவடியைக் கைப்பற்றியவர்கள் கட்டுக்கட்டாகச் சீட்டுகளில் முத்திரை குத்தும் பழைய முறைகேட்டை இது மட்டுப்படுத்தியது. செல்லாத வாக்குகளும் பெரிதும் ஒழிந்தன.

பரவூர் வழக்கு

1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இவ்வியந்திரம் பயன்படுத்தப்பட்டது. இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் சிவன் பிள்ளை 123 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். தோல்வியுற்ற காங்கிரசு வேட்பாளர் ஏ. சி. ஜோசு, சட்டத்தில் இயந்திரத்திற்கு இடமில்லை என்று வழக்குத் தொடுத்தார். 1984 மார்ச்சு 5 அன்று உச்ச நீதிமன்றம் அதனை ஏற்று, அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டு மூலம் மறுவாக்குப்பதிவு நடத்த ஆணையிட்டது. மறுபதிவில் ஜோசு வென்றார். இயந்திரம் பிழையாக எண்ணியது என்பது தீர்ப்பன்று. சட்டம் சொல்லாத முறையை ஆணையம் தானே புகுத்த முடியாது என்பதே தீர்ப்பு.

1988 இறுதியில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 மார்ச்சு 15 முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும் 1998 இல்தான் மத்தியப் பிரதேசம், இராசத்தான், தில்லி ஆகியவற்றின் 16 சட்டமன்றத் தொகுதிகளில் இயந்திரம் மீண்டும் பயன்படுத்தப்பட்டது. தமிழகத்தில் 2001 சட்டமன்றத் தேர்தலில் திருவரங்கம் உட்பட எல்லாத் தொகுதிகளிலும் இயந்திரமே வைக்கப்பட்டது. அதற்கு எதிராக அ.தி.மு.க. தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

பாதுகாப்பு பற்றிய விவாதம்

இயந்திரம் எந்த வலையமைப்புடனும் இணைக்கப்படுவதில்லை என்பதை ஆணையம் முதற்காப்பாகக் கூறுகிறது. அதனினும் வலுவானது வேட்பாளர் வரிசை பற்றிய வாதம். வேட்பாளர்களின் வரிசை தொகுதிக்குத் தொகுதி மாறும். எந்தப் பொத்தான் எந்தக் கட்சிக்கு உரியது என்பது தொழிற்சாலையில் எவருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

இயந்திரம் கைக்குக் கிடைத்தால் என்ன செய்யலாம் என்பதே மாற்றுத் தரப்பின் வினா. 2010 இல் ஹரி பிரசாத், அமெரிக்காவின் அலெக்சு ஆல்டர்மேன், நெதர்லாந்தின் ரோப் கோங்கிரைப் ஆகியோர் அடங்கிய குழு, முடிவைக் காட்டும் பலகையை மாற்றியும், நினைவகத்தில் சிறு கருவியைப் பொருத்தியும் வாக்குகளைத் திரிக்கலாம் என்று செய்து காட்டியது. இயந்திரம் எங்கிருந்து கிடைத்தது என்ற வழக்கில் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். முத்திரைகள், முகவர்களின் கையொப்பங்கள், மாதிரி வாக்குப்பதிவு ஆகியவற்றை மீறி இதனைப் பெருமளவில் செய்ய இயலாது என்பது ஆணையத்தின் மறுமொழி. முன்னதாக 2009 மார்ச்சில் செருமனியின் அரசியல் சட்ட நீதிமன்றம், தனி அறிவு இல்லாத குடிமகனும் வாக்கெண்ணிக்கையைச் சரிபார்க்க இயல வேண்டும் என்று கூறி அந்நாட்டில் பயன்பட்ட இயந்திரங்களை ஏற்க மறுத்தது. இந்திய விவாதத்தின் கருவும் இதுவே. மோசடி நிகழ்ந்ததா என்பது ஒரு கேள்வி. நிகழவில்லை என்று வாக்காளர் தாமே அறிய வழி உண்டா என்பது வேறொரு கேள்வி. இரண்டும் அடிக்கடி குழப்பப்படுகின்றன.

காகிதச் சான்று

சின்னம் அச்சிட்ட சீட்டை ஏழு நொடிகள் கண்ணாடி வழியே காட்டிப் பெட்டியில் விழச்செய்யும் கருவி, 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் பயன்பட்டது. சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இச்சான்று இன்றியமையாதது என்றது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் இது வைக்கப்பட்டது. பாதிச் சாவடிகளின் சீட்டுகளை எண்ணக் கோரிய எதிர்க்கட்சிகளுக்கு, சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகள் என்ற அளவே கிடைத்தது.

இக்கருவியே புதிய ஐயத்தையும் தோற்றுவித்தது. வேட்பாளர் யாரென அறியாதிருந்த அமைப்பினுள், சின்னங்களை ஏற்றும் கருவி வழியாக அவ்விவரம் நுழைகிறது. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் முழு எண்ணிக்கைக் கோரிக்கையை மறுத்தாலும், அக்கருவிகளை முடிவுக்குப் பின் 45 நாட்கள் முத்திரையிட்டுப் பாதுகாக்க ஆணையிட்டது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் கட்டணம் செலுத்தி ஐந்து விழுக்காடு இயந்திரங்களைச் சோதிக்கக் கோரவும் வழிசெய்தது.

சாவடிவாரி எண்ணிக்கை

குறைவாகவே பேசப்படும் சிக்கல் ஒன்றும் உண்டு. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதிகளில் இடமிருந்தது. இயந்திரமோ ஒவ்வொரு சாவடியின் கணக்கையும் தனித்தனியே காட்டுகிறது. திருவரங்கத்தின் சித்திரை வீதிகள், உத்திர வீதிகள் போன்று அடுத்தடுத்த சில தெருக்களே ஒரு சாவடியில் அடங்கும் இடங்களில், எத்தெரு எவருக்கு வாக்களித்தது என்பதைக் கட்சிக்காரர்கள் எளிதில் ஊகிக்கலாம். பல இயந்திரங்களின் எண்ணிக்கையை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் கருவியை 2008 இல் ஆணையம் முன்மொழிந்தது. 2015 இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. மைய அரசு உச்ச நீதிமன்றத்தில் இதனை எதிர்த்தது.