அஜ்மல் கான் ரோடும் அம்மாவின் பி.பி.யும்

தில்லிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கரோல் பாக் பக்கம் இருக்கிற நம்ம ஆட்களுக்கு அஜ்மல் கான் ரோடு என்றால் ஸ்வெட்டர், புடவை, பேரம். எனக்கும் அவ்வளவுதான், போன வருஷம் அம்மா ஊரிலிருந்து வந்து தங்கும் வரைக்கும்.

அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. தினம் ஒரு மாத்திரை. "எத்தனை நாளைக்குத்தான் இந்த இங்கிலீஷ் மருந்து" என்று ஒரு குறை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு வேர்ப்பொடி வாங்கி, காலையில் மாத்திரை, ராத்திரி பாலில் பொடி என்று இரண்டையும் நடத்தியிருக்கிறாள். எங்களிடம் மூச்சு விடவில்லை.

முதல் வாரம் நன்றாகத் தூங்கினாள். மூன்றாவது வாரம் பகலிலும் தூங்கினாள். எப்போதும் மூக்கடைப்பு. சித்தி போன் செய்தால்கூட "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். ஒரு நாள் காலை, கட்டிலிலிருந்து எழுந்தவள் தலை சுற்றி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரஷர் 90/60. வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் மூன்றாவது தடவை கேட்டபோதுதான் பொடி விஷயம் வெளியே வந்தது. டப்பாவில் எழுதியிருந்த பெயர் சர்ப்பகந்தா.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். படித்தால், கதை எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது!

சர்ப்பகந்தா சிறிய செடி. வேர்தான் மருந்து. பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் மனக்கோளாறுக்கும் வெகுகாலமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். வட இந்தியாவில் இதற்கு 'பாகல் கீ தவா', அதாவது பைத்தியத்துக்கு மருந்து என்றே பெயர். பீகாரில் குழந்தைகளைத் தூங்க வைக்கவும் கொடுத்ததாகச் சொல்வார்கள். (தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம். பாம்புக்கடிக்கும் இதை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

ஹக்கீம் அஜ்மல் கான் யுனானி வைத்தியர், காங்கிரஸ் தலைவராகவும் இருந்தவர். கரோல் பாகில் அவர் உண்டாக்கிய திப்பியா கல்லூரியை 1921-ல் காந்தி திறந்து வைத்தார். நம் மருந்துகளை நவீன ரசாயனம் கொண்டு சோதிக்க வேண்டும் என்பது ஹக்கீமின் ஆசை. ஜெர்மனியில் படித்துத் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேலையை எடுத்துக்கொண்டார். ஹக்கீம் 1927-ல் காலமானார். 1931-ல் சித்திக்கி சர்ப்பகந்தா வேரிலிருந்து சில பொருட்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு அஜ்மலீன் என்று அவர் பெயரையே வைத்தார். இதயத் துடிப்பில் ஏற்படும் ஒரு அபூர்வக் கோளாறைக் கண்டுபிடிக்க இன்றும் சில நாடுகளில் அஜ்மலீன் ஊசி போடுகிறார்கள்.

அதே 1931-ல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு மருத்துவர்கள், இந்த வேர் மனக்கோளாறுக்கு மட்டுமல்ல, ரத்தக்கொதிப்புக்கும் கேட்கிறது என்று எழுதினார்கள். வெளிநாட்டில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1949-ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் வேரின் முக்கியச் சரக்கைப் பிரித்து ரெசர்பின் என்று பெயரிட்டார்கள். வக்கீலுக்கு 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

இதோடு முடித்திருந்தால் 'அன்றே சொன்னார்கள் நம் முன்னோர்கள்' என்று நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் மீதிக் கதைதான் அம்மாவின் கதை.

நரம்பு நுனிகளில் சேர்த்து வைத்திருக்கும் நாரட்ரினலின், செரடோனின், டோபமைன் போன்றவற்றை ரெசர்பின் காலி செய்துவிடும். அதனால்தான் ரத்த அழுத்தம் இறங்குகிறது, மனமும் அடங்குகிறது. மூக்கடைப்பும் அசதியும் கூடவே வரும். சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக 1950-களிலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். அது எந்த அளவுக்கு மருந்தால் வந்தது என்பதில் பிற்கால ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. மருந்து மெதுவாக ஏறும், நிறுத்தினாலும் மெதுவாகத்தான் இறங்கும். அதைவிடப் பாதுகாப்பான மாத்திரைகள் வந்ததும் ரெசர்பின் பின்னுக்குப் போனது.

ஆக, அம்மா இங்கிலீஷ் மருந்துக்குப் பதில் ஏதோ பச்சிலை சாப்பிடவில்லை. ஒரு பி.பி. மருந்தின் மேல் இன்னொரு பி.பி. மருந்தை, அளவு தெரியாமல் சாப்பிட்டிருக்கிறாள்.

பொடியை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் அவளாகவே சித்திக்குப் போன் போட்டாள். முக்கால் மணி நேரம் பேசினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஜ்மல் கான் ரோட்டுக்குக் கூட்டிப்போய், பெயர்ப்பலகையைக் காட்டி இந்தக் கதையெல்லாம் சொன்னேன். "அவரே பெரிய வைத்தியர், அப்பவும் சோதிச்சுப் பார்க்கணும்னுதானே சொல்லியிருக்கார்?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், அவர்கள் பெட்டியில் என்னென்ன பொடி, லேகியம் இருக்கிறது என்று ஒரு தடவை பக்குவமாகக் கேட்டுவிடுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள். மூன்றாவது தடவை கேட்கும் டாக்டர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.