டெல்ஸ்டார் நடத்திய பாடம்

பாலிடெக்னிக்கில் டிரான்சிஸ்டர் பாடம் எடுத்த காலம் முழுக்க, டெல்ஸ்டார் கதையைச் சொல்லாமல் நான் எந்த வகுப்பையும் அனுப்பியதில்லை.

1962 ஜூலை 9 அன்று பசிபிக்கில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே, 400 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்கா 1.4 மெகாடன் அணுகுண்டை வெடிக்கச் செய்தது. மறுநாள் பெல் ஆய்வகத்தின் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளான டெல்ஸ்டார் கிளம்பியது. 77 கிலோ எடை, உள்ளே ஆயிரத்துக்கும் மேல் டிரான்சிஸ்டர்கள். அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் நேரடித் தொலைக்காட்சிப் படத்தைக் கொண்டுசேர்த்தது. ஆனால் அதன் பாதை பூமியைச் சூழ்ந்த வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைக்குள் போய்ப் போய் வந்தது. வெடிப்பு அங்கே கொட்டிவிட்ட எலெக்ட்ரான்களால் கதிர்வீச்சு எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய நூறு மடங்கு. வானத்தில் குண்டு வெடித்துப் பார்த்தது பெரிய அநியாயம். பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1கூட அதில் அடிபட்டது.

நவம்பரில் டெல்ஸ்டார் தரையிலிருந்து போன கட்டளைகளுக்குப் பதில் தரவில்லை. கைக்கு எட்டாத நோயாளி! பெல் பொறியாளர்கள் அதே வகை டிரான்சிஸ்டர்களை ஆய்வகத்தில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, மேலே நடந்ததைக் கீழே நடத்திப் பார்த்தார்கள். டிரான்சிஸ்டரின் உலோகக் குப்பிக்குள் அடைத்திருந்த வாயு அயனியாகி, சிலிக்கான் பரப்பில் மின்னூட்டமாகப் படிந்து, கசிவு மின்னோட்டத்தைக் கூட்டியிருந்தது. மின்னழுத்தத்தை நிறுத்தினால் பாதிப்பு மெல்ல ஆறுவதையும் கண்டார்கள். பழுதான சுற்று ஏமாறும்படி கட்டளைத் துடிப்புகளை மாற்றி அனுப்பினார்கள். 1963 ஜனவரி தொடக்கத்தில் டெல்ஸ்டார் மறுபடி வேலை செய்தது. பிப்ரவரி 21 அன்று ஓய்ந்தது. அந்தச் சில வாரங்களை மின்னணுவியல் வரலாற்றின் மகத்தான வாரங்கள் என்பேன். மே மாதம் கிளம்பிய டெல்ஸ்டார்-2இல் கட்டளைச் சுற்றின் குப்பிகளிலிருந்து வாயுவை அகற்றியிருந்தார்கள்.

பிறகு விண்ணுக்குப் போகும் மின்னணுப் பாகங்களை முன்கூட்டியே கோபால்ட்-60 காமாக் கதிரில் சோதிப்பது வழக்கமாயிற்று. ராடு என்பது பொருள் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு. விநாடிக்கு 100 ராடு கொடுத்தால் ஒரு லட்சம் ராடு பதினேழு நிமிடத்தில் முடிந்துவிடும். விண்ணிலோ அந்த அளவு சேர ஆண்டுக்கணக்காகும். வேகமாக அடிப்பதுதான் கடுமையான சோதனை என்றே வெகுகாலம் எண்ணினார்கள். 1991இல் அந்த எண்ணம் உடைந்தது. சில இருமுனை டிரான்சிஸ்டர்கள் மெதுவாகக் கொடுத்த அதே அளவில் அதிகமாகக் கெட்டன. விநாடிக்கு 0.01 ராடு என்று இறக்கினால் அதே சோதனைக்கு நாலு மாதம் ஆகும். செலவு கூடும், திட்டம் தள்ளிப்போகும். ஆனாலும் அந்த நாலு மாதத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே, இத்துறைக்கு வரும் பிள்ளைகளே, ஒரு பாகத்தின் தாளில் 'ஒரு லட்சம் ராடு தாங்கும்' என்றிருந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எந்த வேகத்தில் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.