எல்எஸ்டி: நாடுகள்தோறும் சட்ட நிலை

எல்எஸ்டி (லைசெர்ஜிக் அமில டைஎத்திலமைடு) மாயக்காட்சிகளை உண்டாக்கும் செயற்கைப் போதைப்பொருள். ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் தடைசெய்யப்பட்டது. ஒரு முறை உட்கொள்ளும் அளவு சுமார் 100 மைக்ரோகிராம் மட்டுமே என்பதால், அதை உறிஞ்சுதாளில் ஊறவைத்துச் சிறு துண்டுகளாக, 'ஸ்டாம்ப்' என்ற பெயரில் விற்கின்றனர். எடையைப் பார்த்துத் தண்டனை விதிக்கும் சட்டங்கள் தாளையும் சேர்த்து நிறுப்பதா என்பதே இதில் நீடிக்கும் வழக்கு.

தடையின் வரலாறு

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சாண்டோஸ் நிறுவன வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் இதை உருவாக்கினார். அதன் விளைவை 1943இல்தான் அறிந்தார். 'டெலிசிட்' என்ற பெயரில் 1947 முதல் உளநல மருத்துவர்களுக்கு வழங்கிவந்த அந்நிறுவனம், 1965இல் வழங்கலை நிறுத்தியது. கலிபோர்னியா மாநிலம் 1966இல் தடை விதித்தது. 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உளமயக்கப் பொருள்கள் உடன்படிக்கை எல்எஸ்டியை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. அறிவியல் ஆய்வுக்கும் மிகக் குறுகிய மருத்துவத் தேவைக்கும் மட்டும் அதில் விலக்கு உண்டு.

அமெரிக்கா, பிரிட்டன்

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி இது முதல் பட்டியலில் உள்ளது. சாப்மன் வழக்கில் விற்கப்பட்டவை 1,000 துண்டுகள். அவற்றிலிருந்த எல்எஸ்டி 50 மில்லிகிராம். தாளோடு சேர்த்து 5.7 கிராம். குறைந்தபட்சம் 5 ஆண்டுச் சிறைக்கான எல்லை 1 கிராம். தாளின் எடையும் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் இது 'ஏ' வகுப்புப் போதைப்பொருள்: வைத்திருந்தால் 7 ஆண்டுவரை சிறை, விற்றால் ஆயுள்வரை. அங்குத் தண்டனை வழிகாட்டுநெறி எடையை விட்டுத் துண்டுகளின் எண்ணிக்கையையே பார்க்கிறது.

இந்தியா

போதைமருந்துகள், உளமயக்கப் பொருள்கள் சட்டத்தின் (1985) கீழ் 0.002 கிராம்வரை 'சிறு அளவு', 0.1 கிராமுக்கு மேல் 'வணிக அளவு'. பின்னதற்கு 10 முதல் 20 ஆண்டு கடுங்காவல். தூய எல்எஸ்டியாகக் கணக்கிட்டால் 0.1 கிராம் என்பது சுமார் 1,000 முறைக்கு ஆகும். சாப்மன் வழக்கின் தாளோடு நிறுத்தால் 18 துண்டுகளே அந்த எல்லையைத் தாண்டிவிடும். கலப்படப் பொருளின் எடையும் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஹீரா சிங் வழக்கில் கூறியது. ஸ்டாம்ப் தாளும் அவ்வாறே சேரும் என்பது மும்பை உயர் நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

தளர்வுகள்

போர்ச்சுகல் 2001இல் சொந்தப் பயன்பாட்டுக்கான சிறு அளவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. 10 நாள் தேவைக்குள் வைத்திருந்தவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஆலோசனைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். மெக்சிகோவின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவோ 0.015 மில்லிகிராம், ஒரு துண்டில் இருப்பதே அதைவிட அதிகம். சுவிட்சர்லாந்தில் தடை நீடித்தாலும், கூட்டாட்சிச் சுகாதாரத் துறையின் தனி அனுமதி பெற்ற மருத்துவர்கள் குறிப்பிட்ட நோயாளிகளுக்கு எல்எஸ்டி சிகிச்சை அளிக்கலாம்.