தேவனஹள்ளி: வந்தவர் கட்டிய ஊர்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடி வேற்று மாநிலத்தில் வாழ்பவர்க்கு ஊர் சுற்றிப் பார்த்தல் வெறும் பொழுதுபோக்கு அன்று. நாம் குடியேறிய இடம் எத்தகையது, நமக்கு முன் இங்கு வந்தவர் யாவர், அவர்கள் இம்மண்ணில் எவ்வாறு வேரூன்றினர் என்னும் வினாக்களுக்கு விடை தேடும் முயற்சியாகவும் அது அமையும். பெங்களூரில் வாழும் தமிழ் மக்கள் இவ்விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள தேவனஹள்ளி என்னும் சிற்றூரே அதற்குப் போதும்.

ஹெப்பாளத்தையும் எலகங்கையையும் கடந்து செல்லும் பெருஞ்சாலையில் நம்மில் பலர் அடிக்கடி பயணம் செய்கிறோம். ஆனால் 2008 மே 24 அன்று திறக்கப்பட்ட விமான நிலையத்தோடு நம் பயணம் முடிந்து விடுகிறது. அதனைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் ஒரு கல் கோட்டை எதிர்ப்படும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. எலகங்கையிலிருந்து சிக்கபள்ளாபுரம் செல்லும் இரயில் பாதையிலும் இவ்வூர் அமைந்துள்ளது. காலையில் புறப்பட்டால் கோட்டையைக் கண்டு மாலைக்குள் வீடு திரும்பலாம்.

முதலில் ஊரின் பெயரை நோக்குவோம். 'ஹள்ளி' என்னும் கன்னடச் சொல் நமக்கு அயலானதாகத் தோன்றலாம். ஆனால் பழங்கன்னடத்தில் அது 'பள்ளி' என்றே வழங்கியது. சொல் முதலில் நின்ற பகரம் கன்னடத்தில் காலப்போக்கில் ஹகரமாகத் திரிந்தது. நம்முடைய பால் அங்கே ஹாலு. நம்முடைய புலி அங்கே ஹுலி. நம்முடைய பூ அங்கே ஹூவு. ஆகவே திருச்சிராப்பள்ளியின் பள்ளியும் தேவனஹள்ளியின் ஹள்ளியும் ஒரு வேரில் கிளைத்த இரு சொற்களே. இவ்வூருக்கு முன்னர் வழங்கிய பெயர் தேவனதொட்டி என்பது. தொட்டி என முடியும் சிற்றூர்ப் பெயர்கள் ஒசூர்ப் பக்கத்தில் இன்றும் உண்டு.

இவ்வூரின் வரலாறு காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது என்றால் நேயர்கள் வியப்படையக் கூடும். இந்நாட்டில் வழிவழியாக வழங்கி, 19-ஆம் நூற்றாண்டில் மைசூர் கெசட்டியரைத் தொகுத்த பி. எல். ரைஸ் அவர்களால் பதிவு செய்யப்பட்ட செய்தி இது. காஞ்சியை அடுத்த ஓர் ஊரில் மொரசு ஒக்கலு என்னும் உழவர் குலத்தார் வாழ்ந்தனர். அக்குடும்பத்துப் பெண்ணொருத்தியை வலிமை மிக்க தலைவன் ஒருவன் மணம் பேசினான். மறுத்தால் அழிவு; இசைந்தால் குலத்துக்கு இழுக்கு. எனவே அவர்கள் மாட்டு வண்டிகளில் மனைவி மக்களையும் தட்டுமுட்டுகளையும் ஏற்றிக் கொண்டு இரவோடு இரவாக மேற்கே புறப்பட்டனர். பாலாறு வெள்ளம் பெருகி வழி மறித்தது. அப்பெண் தன் காதணியைக் கழற்றிக் கங்கைக்குக் காணிக்கையாக நீரில் இட்டாள். வெள்ளம் பிளந்து வழி விட்டது. பின்தொடர்ந்த பகைவர் கரையிலேயே நின்று விட்டனர் என்பது கதை.

ஆறு பிளந்ததை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஒரு குலம் தன் தொடக்கத்தை எவ்வாறு நினைவில் வைத்துக் கொண்டது என்பதும் வரலாற்றுக்கு உரிய செய்தியே. பிற்காலத்தில் கோட்டைகளையும் கொடிகளையும் உடையவராய் விளங்கிய இத்தலைவர்கள், தங்கள் முன்னோர் கையில் ஒன்றுமின்றி வண்டியேறி வந்த அகதிகள் என்பதை மறைக்க விரும்பவில்லை. வண்டியில் வந்த குடிகள் என்னும் பொருளில் 'பண்டி காப்புலு' என்ற தெலுங்குப் பெயரும் அவர்களுக்கு வழங்கியது. வந்தது காஞ்சியிலிருந்து, வழங்கிய மொழி தெலுங்கு, குடியேறி ஆண்டது கன்னட நாட்டில். இன்று நாம் வரைந்து வைத்திருக்கும் மொழி எல்லைகளைக் கொண்டு அக்காலத்து மக்களை அளக்க இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தேவனஹள்ளிக்குச் சற்று வடக்கே உள்ள ஆவதி என்னும் சிற்றூரில் அவர்கள் வண்டிகளை அவிழ்த்தனர். அங்கிருந்து அக்குலம் பல கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளையினர் எலகங்கையில் தங்கினர். 1537-இல் பெங்களூரில் மண் கோட்டை எழுப்பிப் பேட்டைகளை அமைத்த கெம்பே கவுடர் அவ்வழி வந்தவரே. மற்றொரு கிளையைச் சேர்ந்த மல்ல பைரே கவுடர் 1501-இல் தேவனதொட்டியில் மண் கோட்டை கட்டினார். விஜயநகரப் பேரரசு ஓங்கியிருந்த காலம் அது. பேரரசு சாய்ந்த பின்னரும் அவர் வழியினர் ஏறத்தாழ 250 ஆண்டுகள் இச்சிறு நாட்டைக் காத்து வந்தனர்.

தமிழர் இப்பகுதிக்கு வந்தது அதற்கும் முற்பட்ட செய்தி. இராஜராஜ சோழன் காலத்தில், சுமார் 1004-இல், கங்கபாடியின் தலைநகரான தலைக்காடு சோழர் வசமாயிற்று. 1116-ஐ ஒட்டி ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதை மீட்கும் வரை இந்நாட்டின் பெரும்பகுதி சோழர் ஆட்சியில் இருந்தது. அரசு மாறிய பின்னும் மொழி உடனே மாறவில்லை. திருவரங்கத்துக்கு அருகில் உள்ள கண்ணனூரைத் தலைநகராகக் கொண்ட ஹொய்சள இராமநாதன் காலத்திலும், அதாவது 13-ஆம் நூற்றாண்டிலும், பெங்களூர் வட்டாரத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் அத்தகையவற்றை இன்றும் காணலாம். எலகங்கை நாட்டை அக்கல்வெட்டுகள் 'இலைப்பாக்க நாடு' என்று குறிக்கின்றன. அதே வேளையில், பெங்களூர் என்ற பெயரை முதன்முதல் தாங்கி நிற்பது பேகூரில் உள்ள, சுமார் 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த, கன்னட வீரக்கல் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. இரு மொழிகளும் இம்மண்ணில் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்தவை என்பதே கல் கூறும் உண்மை.

இனிக் கோட்டையைக் காண்போம். ஏறத்தாழ 20 ஏக்கர் பரப்பை வளைத்து முட்டை வடிவில் மதில் சுற்றி வருகிறது. பன்னிரண்டு அரைவட்டக் கொத்தளங்கள் மதிலை அணி செய்கின்றன. கிழக்கிலும் மேற்கிலும் வாயில்கள். இக்காலத்து வண்டிகளுக்கு அவை குறுகியவை. குதிரை வீரர் நுழைவதற்கென அமைந்தவை. உள்ளே படியேறி மதிலின் மேல் நின்றால் பீரங்கிகளை நிறுத்திய இடங்களையும், சுடுவதற்காக விட்ட துளைகளையும் காணலாம். இக்கல் மதில் பழைய கவுடர்கள் கட்டிய மண் மதில் அன்று. பின்னர் ஹைதர் அலியின் ஆட்சியில் எழுந்தது.

ஹைதரின் வாழ்வே இக்கோட்டையின் முன்னிலையில்தான் திசை திரும்பியது. 1749-இல் மைசூர்ப் படை நஞ்சராஜர் தலைமையில் தேவனஹள்ளியை முற்றுகையிட்டது. கவுடர்கள் எளிதில் பணியவில்லை. முற்றுகை பல மாதங்கள் நீடித்தது. அப்போரில் தானே முன்வந்து சேர்ந்த ஹைதர் தன் வீரத்தால் தளபதியின் கண்ணில் பட்டு, ஒரு சிறு படைப் பிரிவுக்குத் தலைவரானார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில், 1761 அளவில், மைசூர் அரசின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. இவ்வூரிலேயே 1750-இல் அவர் மகன் திப்பு பிறந்தார். அவர் பிறந்ததாகக் கருதப்படும் இடத்தில், கோட்டைக்கு அருகே, தூண்கள் தாங்கிய எளிய கல்மண்டபம் ஒன்று நிற்கிறது.

காஞ்சியிலிருந்து வந்தவர் வழியினர் கட்டிய ஊரில் பிறந்த அக்குழந்தை, 1780 செப்டம்பரில் படையுடன் காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள புள்ளலூருக்குச் சென்று, கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தது. அவ்வெற்றி ஆங்கிலேயரை நடுங்கச் செய்தது உண்மை. அப்படையெடுப்பினால் வட ஆர்க்காட்டு, செங்கற்பட்டுச் சீமைகளின் உழவர்கள் பட்ட துன்பமும் உண்மை. வீரத்தைப் போற்றும்போது விளைநிலம் இழந்தவரையும் நினைத்தல் நடுநிலைக்கு அழகு. 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்த காரன்வாலிஸ் பிரபு வடக்கே நகர்ந்தபோது தேவனஹள்ளி எதிர்ப்பின்றி அவர் வசமாயிற்று. 1799 மே 4 அன்று திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். 1809-இல் ஆங்கிலேயர் தம் பாசறையைப் பெங்களூருக்கு மாற்றினர். அதனோடு சென்னைச் சீமையிலிருந்து சிப்பாய்களும் வணிகரும் பணியாளரும் வந்தனர். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வாழும் பல தமிழ்க் குடும்பங்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

தேவனஹள்ளியின் தனிச்சிறப்பு அதன் போர்களில் இல்லை. கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கின்றனர் என்பதில்தான் உள்ளது. ஒரு வாயிலில் புகுந்து மறு வாயிலில் வெளிப்படும் தெருவின் இருமருங்கும் வீடுகள். வேணுகோபாலசுவாமி கோயிலில் வழிபாடு நடைபெறுகிறது. அதன் சுவர்களில் இராமாயணக் காட்சிகளையும் கண்ணனின் பிள்ளைப் பருவ லீலைகளையும் வரிசையாகச் செதுக்கியுள்ளனர். சிவாலயங்களும் உள்ளே உள்ளன. இது நுழைவுச் சீட்டுப் பெற்றுப் பார்க்கும் காட்சிச்சாலை அன்று; குடியிருப்பு. எனவே செல்பவர்கள் ஒருவர் வீட்டு முற்றத்தில் நடப்பது போன்ற அடக்கத்தோடு நடத்தல் வேண்டும்.

இங்கே ஓர் ஒப்புமை நம் நினைவுக்கு வருகிறது. இராக் நாட்டின் வடபகுதியில் எர்பில் என்னும் பழம்பெரும் நகரம் உண்டு. அதன் நடுவே ஒரு மேட்டின் மீது, அதுவும் ஏறத்தாழ முட்டை வடிவில், ஒரு கோட்டைக் குடியிருப்பு இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் இடைவிடாது வாழ்ந்த இடம் அது. 2007-இல், பழுது பார்ப்பதற்காக அங்கு வாழ்ந்த 840 குடும்பங்களை அரசு வெளியேற்றியது. குடியிருப்பின் தொடர்ச்சி அறுந்து விடலாகாது என்று ஒரே ஒரு குடும்பம் மட்டும் தங்க வைக்கப்பட்டது. 2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்னும் பெருமை அக்கோட்டைக்குக் கிடைத்தது. கட்டடம் காக்கப்பட்டது, ஆனால் அடுப்புப் புகை அடங்கிற்று.

நம் நாட்டிலும் இச்சிக்கல் உண்டு. தேவனஹள்ளிக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது என்பது 2010-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் விதி. மதிலைக் காக்க அவ்விதி தேவை. ஆனால் மதிலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன் தன் வீட்டுக்குப் புதிய அறை எடுக்க விரும்பினால் என்ன செய்வான்? கல்லையும் காத்து, கல்லுக்குள் வாழும் குடியையும் காக்கும் வழியைக் காண்பதே அறிவுடைமை.

மதிலுக்கு வெளியேயும் அதே வினா எழுந்தது. தேவனஹள்ளி வட்டத்துச் சன்னராயபட்டணப் பகுதியில் 1,777 ஏக்கர் நிலத்தை விமானத் தொழிற்பேட்டைக்காக எடுக்க அரசு முனைந்தபோது, 2022-இல் உழவர்கள் போராடத் தொடங்கினர். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் தளரவில்லை. 2025 ஜூலை 15 அன்று அத்திட்டம் கைவிடப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நாம் பம்பளிமாசு என்றும் கன்னடத்தார் சக்கோத்தா என்றும் கூறும் கனி இவ்வூரின் பெயரால் புவிசார் குறியீடு பெற்றது. நிலத்தின் விலை ஏற ஏற அத்தோட்டங்கள் சுருங்கி வந்தன. நகரம் வளர்வதால் பயன் பெறுபவர்களுள் குடியேறிய நாமும் உள்ளோம். ஆதலின் அவ்வளர்ச்சிக்கு விலை கொடுப்பவர் யாவர் என்பதை அறிந்திருத்தல் நம் கடன்.

2013-இல் விமான நிலையத்துக்குக் கெம்பே கவுடரின் பெயர் சூட்டப்பட்டது. 2022 நவம்பர் 11 அன்று 108 அடி உயரமுள்ள அவருடைய வெண்கலச் சிலை அங்கே திறக்கப்பட்டது. வானூர்தியில் வந்திறங்கும் ஒவ்வொருவரையும் வரவேற்று நிற்கும் அப்பெருமகனின் முன்னோர், மரபு கூறும்படி, வண்டியேறி வந்த புதியவர்கள். வந்தவர் வந்தவராகவே இருந்து விடவில்லை. ஏரி வெட்டினர், பேட்டை அமைத்தனர், இந்நாட்டு மொழியைத் தம் மொழியாக்கிக் கொண்டனர். ஆதலினால் இம்மண் அவர்களைத் தன் மக்களாக ஏற்றுக் கொண்டது. தம் தொடக்கத்தையும் அவர்கள் மறக்கவில்லை.

விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு தேவனஹள்ளிக்குச் சென்று வாருங்கள். கிழக்கு வாயிலில் நுழையும்போது பள்ளி ஹள்ளியான கதையைக் கூறுங்கள். மதிலின் மேல் நின்று பாலாற்றங்கரைப் பெண்ணின் கதையைக் கூறுங்கள். ஊர்ப் பெரியவர் எவரேனும் எதிர்ப்பட்டால் நமக்குத் தெரிந்த கன்னடத்தில் நலம் விசாரியுங்கள். நாம் வாழும் நாட்டின் வரலாற்றை அறிந்து கொள்வது, அந்நாட்டுக்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை.