பொற்பதக்கம் பெற்ற பூண்டு

செடி வாங்கப் போகும் புதியவர் அதன் அழகைப் பார்க்கிறார். தம் தோட்டத்தில் அது என்ன செய்யும் என்று விசாரிப்பதில்லை. இப்பழக்கம் நேற்றுத் தோன்றியதன்று என்பதற்கு ஜப்பானிய நாட்வீட் என்ற செடியை நாம் சான்று காட்டலாம்.

ஜப்பானிலிருந்து வெளியேற்றப்பட்ட மருத்துவர் சீபோல்ட், நெதர்லாந்தின் லைடன் நகரில் நாற்றுப்பண்ணை அமைத்து இதை விற்றார். 1847இல் உத்ரெக்ட் நகரத் தோட்டக்கலைச் சங்கம் இதற்குப் பொற்பதக்கம் அளித்தது. 1850இல் லண்டனின் கியூ தோட்டத்தை அடைந்தது. விரைந்து வளரும், எம்மண்ணிலும் பிழைக்கும் என்பன அன்றைய புகழுரைகள். பின்னாளில் அவையே குற்றச்சாட்டுகளாயின.

ஜப்பானின் எரிமலைச் சரிவுகளில் இதைத் தின்னும் பூச்சிகளும் தாக்கும் பூஞ்சைகளும் உண்டு. வாங்கியவர் தோட்டத்தில் அவை இல்லை. தரையடித் தண்டின் சிறு துண்டும் முளைப்பதால், பிடுங்கி எறிந்தவர்களே இதைப் பரப்பினார்கள். இயற்கை வெளியில் இதை நடுவதைப் பிரிட்டன் 1981இல் குற்றமாக்கியது. 2010இல் இதன் சாற்றை உறிஞ்சும் ஜப்பானியப் பூச்சியையே வருவித்துத் திறந்து விட்டது. வீடு கைமாறும்போது இச்செடி இருக்கிறதா என்று கேட்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

செடியைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. பிறந்த மண்ணில், எரிமலைச் சாம்பல்மீது முதலில் துளிர்க்கும் பசுமைகளுள் அதுவும் ஒன்று. அங்கே அதைக் கட்டுக்குள் வைத்தது எது என்று வாங்கியவர் எவரும் கேட்கவில்லை.